திண்டிவனத்தின் ஆறு இலக்கம்: கணக்காசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு,



திண்டிவனத்துப் பிள்ளை ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்தில் முகவரி எழுதுகிறாள். தெருப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் முடிந்து கடைசிக் கட்டங்களில் 604001 என்று நிரப்புகிறாள். விழுப்புரத்துப் பையன் அதே இடத்தில் 605602 என்று நிரப்புகிறான். பள்ளி வாழ்க்கை முடிவதற்குள் இருவரும் இந்த எண்ணை எத்தனையோ முறை எழுதிவிடுவார்கள். கதவிலக்கம் மாதிரி அதுவும் ஓர் அடையாளம் என்பதோடு சரி. அதை ஓர் எண்ணாக நினைத்து வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரே ஒரு முறை அதை வகுத்துப் பார்க்கச் சொல்லத்தான் இந்த மடல்.

திண்டிவனத்தின் 604001 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது. விழுப்புரத்தின் 605602 இரட்டைப்படை எண் என்பதால் பகா எண்ணாக இருக்க வழியில்லை. ஆனால் அதைப் பாதியாக்கினால் வரும் 302801 பகா எண். அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஊர்களின் முகவரியில் இப்படி இரண்டு எண்கள் குடியிருக்கின்றன.

இதை யாரும் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்மண்டலத்தைக் குறிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் சொல்லும். கடிதக் கட்டைப் பிரிப்பவரின் வசதிக்காகப் பிறந்த எண்தான் அது. அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எண்ணியல்.

முதலில் அக்கம்பக்கம் பார்க்கலாம். 604001க்கு முந்தைய எண் 604000. அதைப் பிரித்தால் ஐந்து 2, மூன்று 5, ஒரு 151 ஆகியவற்றின் பெருக்கல் வரும். காரணிகள் மொத்தம் 48. அடுத்த எண் 604002. அது 2 × 3 × 7 × 73 × 197, காரணிகள் 32. இப்படி இரு பக்கமும் காரணிகள் நிறைந்த எண்கள் நிற்க, நடுவிலிருக்கும் 604001க்கு இரண்டே காரணிகள். இந்த அளவுள்ள எண்களில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒன்றுதான் பகா எண் என்றாலும், பக்கத்து எண்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பகா எண்ணின் தனிமை பிள்ளைகளுக்குப் புரியும்.

கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கிரேக்கரான நிக்கோமாக்கஸ் எண்களை வகைப்படுத்த எழுதிவைத்த வழியையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டல் எண்ணுக்குச் சமமாக வந்தால் அது செவ்விய எண். 6, 28, 496 போல. குறைந்தால் குறைவெண், மிஞ்சினால் மிகையெண். 604001க்குக் கூட்டல் வெறும் 1. விழுப்புரத்தின் 605602க்கு 1 + 2 + 302801, அதாவது 302804. பாதியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிடுகிறது. இரண்டுமே குறைவெண்கள். 604002க்கோ கூட்டல் 802590. எண்ணைவிடக் காரணிகளின் கூட்டல் பெரிது.

சரி, 604001 பகா எண் என்பதை எப்படி நம்புவது? கைப்பேசியில் தட்டினால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடையை வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இதற்கு வகுப்பறையே போதும்.

777ஐ 777ஆல் பெருக்கினால் 603729. 778ஐ 778ஆல் பெருக்கினால் 604001ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த எண் இரண்டு எண்களாகப் பிரியுமானால் அவற்றில் சிறியது 777க்குள்தான் இருந்தாக வேண்டும். 777க்குள் உள்ள பகா எண்கள் 137. அந்த 137ஆலும் வகுத்துப் பார்த்தால் வழக்கு முடிந்தது. அதிலும் 2, 5 இரண்டும் கடைசி இலக்கத்தைப் பார்த்ததுமே விலகிவிடும். இலக்கங்களின் கூட்டல் 11. ஆகவே 3உம் விலகும். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் 9 வரும். ஆகவே 11உம் இல்லை. மிச்சம் 133 வகுத்தல்கள். 44 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு மூன்று என்று பிரித்தால் 132. மீதி ஒன்று ஆசிரியருக்கு.

அந்த ஒன்று 151ஆக இருக்கட்டும். 151ஐ 4000ஆல் பெருக்கினால் 604000. கரும்பலகையில் மீதி 1 என்று எழுதும்போது வகுப்பு முழுக்க அதைப் பார்க்க வேண்டும். ஒரே ஒன்றில் தவறிப்போகிறது. இன்னொரு மூலையில் 73ஐ வாங்கிய பிள்ளைக்கு மீதி 72 வரும். இன்னும் ஒன்று இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். 197ஐ வாங்கியவருக்கும் அப்படியே, மீதி 196. இருவரும் எழுந்து தங்கள் மீதியைச் சொன்னால், 604002இன் காரணிகளில் 73உம் 197உம் ஏன் வந்தன என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பத்தாம் வகுப்புப் பாடநூலின் இரண்டாம் இயல், ‘எண்களும் தொடர்வரிசைகளும்’. யூக்ளிடின் வகுத்தல், அடிப்படை எண்ணியல் தேற்றம், மட்டு எண்கணிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது மனிதர் கண்ட பெரிய உண்மைகளில் ஒன்று. அது இன்று பல இடங்களில் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. நேரம் போதாமை, தேர்வு நெருக்கடி, நிரப்ப வேண்டிய படிவங்கள் என உங்கள் பாடு எளிதல்ல. ஆனாலும் அந்த இயலின் முதல் எடுத்துக்காட்டாகப் பிள்ளையின் சொந்த முகவரி வந்தால், இரண்டு மதிப்பெண்ணுக்கு மேலாக ஒன்று அவர்களிடம் தங்கும்.

அடுத்து, விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் இணைக்கும் ஒரு விஷயம்.

604001 = 751² + 200².

605602 = 621² + 469².

இரண்டு எண்களுமே இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 751இன் வர்க்கம் 564001, 200இன் வர்க்கம் 40000; பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இப்படி எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான் முடியும் என்று 1640இல் பிரெஞ்சு வழக்கறிஞர் ஃபெர்மா ஒரு கடிதத்தில் எழுதினார். அதை முழுதாக நிறுவ நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது, நிறுவியவர் ஆய்லர். 604001ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. 302801க்கும் மீதி 1தான். அது 545² + 76².

விழுப்புரத்தின் எண் அதன் இரு மடங்கு. இரு மடங்காக்கும்போது வர்க்கங்கள் என்ன ஆகின்றன என்பதற்கு ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் போதும். (அ + ஆ)², (அ − ஆ)² இரண்டையும் கூட்டினால் 2(அ² + ஆ²) வரும். 545உடன் 76ஐக் கூட்டினால் 621. கழித்தால் 469. மேலே எழுதிய இரண்டு எண்களும் இப்படி வந்தவைதாம். இதன் பொதுவடிவம் 628இல் பிரம்மகுப்தர் எழுதிய நூல்வரை போகிறது: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரு எண்களைப் பெருக்கினால் வருவதும் அப்படியே இருக்கும் என்பது அதில் அடங்கும்.

திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செங்கோண முக்கோணமும் கிடைக்கிறது. 751², 200² இரண்டின் வித்தியாசம் 524001. 751ஐயும் 200ஐயும் பெருக்கி இரட்டித்தால் 300400. இவை இரண்டையும் செங்கோணத்தின் பக்கங்களாக வைத்தால் கர்ணம் சரியாக 604001.

எல்லா ஊருக்கும் இது வாய்ப்பதில்லை. திருக்கோவிலூரின் 605757ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் இலக்கங்களின் கூட்டல் 30. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எந்த வர்க்க எண்ணையும் மூன்றால் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் மூன்றால் வகுபட வேண்டுமானால் இரண்டிலும் மீதி 0ஆக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு எண்களும் மூன்றின் மடங்குகள், அவற்றின் வர்க்கங்கள் ஒன்பதின் மடங்குகள், கூட்டலும் ஒன்பதின் மடங்கு. 605757 ஒன்பதின் மடங்கல்ல. ஆகவே எத்தனை காலம் தேடினாலும் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நிரூபணம். மட்டு எண்கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

திருக்கோவிலூரை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1910இல் கும்பகோணத்திலிருந்து வடக்கே போகும் ரயிலில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வந்து விழுப்புரத்தில் இறங்கினார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், கல்யாணமானவர், வேலையில்லாதவர். கையில் கணக்கு நோட்டு. விழுப்புரத்தில் வண்டி மாறி மேற்கே திருக்கோவிலூர் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இளைஞர் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், வருவாய்த்துறையின் அடிமட்ட வேலையில் இந்த ஆளைப் போட்டு முடக்க மனமில்லாமல், சென்னையிலிருக்கும் கணக்கறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

உங்கள் பிள்ளைகள் பலர் தினமும் கடக்கும் நிலையம் விழுப்புரம். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரியும் அந்தச் சந்திப்பில் ராமானுஜன் வண்டி மாறினார் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அவர் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணக்கறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்த முடிவுகளில் ஒன்று இதே விஷயத்தைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதக்கூடிய எண்கள் எத்தனை என்ற கேள்வி. அதற்கு அவர் ஒரு சூத்திரம் கொடுத்தார், அதில் 0.764 என்று தொடங்கும் ஒரு மாறிலி வருகிறது. ஜெர்மனியின் லாண்டாவ் 1908இலேயே இதை நிறுவியிருந்தார். போதிய புத்தகமும் வழிகாட்டியும் இல்லாமல் சென்னையில் இருந்த எழுத்தர் தானாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தார். சூத்திரத்தில் பிழை எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று அவர் சொன்னது பின்னால் சரியில்லை என்று தெரிந்தது. முதன்மைப் பகுதி சரி. இன்று அந்த மாறிலிக்கு லாண்டாவ்–ராமானுஜன் மாறிலி என்று பெயர். அந்தச் சூத்திரப்படி 604001 அளவுள்ள எண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இருக்கும். விழுப்புரமும் திண்டிவனமும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள் இருக்கின்றன. திருக்கோவிலூர் மீதி நான்கில்.

ராமானுஜன் கதையில் வரும் வாடகைக் கார் எண்ணான 1729 பற்றி எல்லோரும் அறிவார்கள். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். அதே 1729ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு விதத்திலும் எழுத முடியாது. அது 7 × 13 × 19. நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் 7உம் 19உம் ஒவ்வொரு முறையே வருவதுதான் காரணம். வாடகைக் கார் எண்ணின் கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொன்னால், கதை கணக்காக மாறும்.

பகா எண்ணுக்கு நேரெதிர்த் திசையிலும் ராமானுஜன் போனார். தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது அந்த ஆய்வுக்காகத்தான். 604001க்குக் கீழே அந்த வகையில் கடைசியாக நிற்பது 554400, காரணிகள் 216. கட்டுரையில் அவர் கையால் கணக்கிட்டுக் கொடுத்த பட்டியல் 102 எண்களோடு 6746328388800 வரை போகிறது. அதற்கு 10080 காரணிகள்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போனது: 293318625600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் விடுபட்ட எண் அப்படியே வந்து நிற்கும். அதன் காரணிகள் 5040, கடைசி எண்ணின் காரணிகளில் சரிபாதி. கணிப்பான் இல்லாத காலத்தில், பதின்மூன்று இலக்கம்வரை கையால் ஏறிப்போன ஒருவரிடம் ஒரு வரி நழுவியது. கூட்டலில் ஒரு தவறு செய்துவிட்டு நோட்டை மூடி வைத்துக்கொள்ளும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிட வேண்டும். இலக்கங்களைக் கூட்டச் சொன்னதும் சில வீடுகளில் வேறு நினைப்பு வரும். 604001ஐக் கூட்டினால் 11, மறுபடி கூட்டினால் 2. 605602ஐக் கூட்டினால் 19, பிறகு 10, பிறகு 1. இரண்டு யாருக்கு ராசி, ஒன்று யாருக்கு ராசி என்று சொல்லப் பெயர்ப்பலகைகள் நிறைய இருக்கின்றன. அதே கூட்டல்தான் இங்கேயும். ஆனால் எண்ணியலில் அந்தக் கூட்டல் சொல்வது ஒன்றே: மூன்றாலும் ஒன்பதாலும் வகுத்தால் என்ன மீதி வரும் என்பது. அதை எந்தப் பிள்ளையும் தானே சோதிக்கலாம், தவறென்றால் காட்டலாம். இந்த வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் புரிந்துகொண்ட பிள்ளை பெரியவளானதும் பல இடங்களில் ஏமாறாமல் தப்பிப்பாள்.

இந்தக் கணக்கு நோட்டோடு நிற்பதும் இல்லை. வங்கிக் கணக்குக்குள் இணையத்தில் நுழையும்போது அந்தத் தகவலைப் பூட்டிவைக்கும் முறைகளில் ஒன்று, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியே நிற்கிறது. விழுப்புரத்தின் 605602ஐப் பிரிக்க ஒரு நொடி போதும். ஒரு காரணி 2. இரண்டு காரணிகளுமே முந்நூறு இலக்கம் கொண்டவையானால் உலகின் கணினிகள் திணறும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 604001க்கு ஆறு. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான்.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். பல பள்ளிகளில் படம் வைத்து மாலை போட்டு, ஒரு பேச்சுப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. இந்த ஆண்டு அந்த ஒரு நாளில் ஒரு பாடவேளையைக் கொடுங்கள். திண்டிவனத்தில், வகுப்பின் பின்சுவரில் சார்ட் தாள்களை ஒட்டி, 2 முதல் 773 வரை உள்ள 137 பகா எண்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஈவையும் மீதியையும் செய்தவரின் பெயரையும் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு மீதிகூட 0 ஆகாது. அந்தத் தாள்களை ஆண்டு முடியும்வரை கிழிக்க வேண்டாம். விழுப்புரத்தில் 302801க்கு அதே வேலை. அங்கே 547வரை போனால் போதும்.

முதல் தடவையே எல்லாம் சரியாக வராது. யாரோ ஒருவர் தவறாக மீதி 0 என்று எழுதுவார். அப்போது வகுப்பு நின்று, பெருக்கிப் பார்த்து, எங்கே நழுவியது என்று கண்டுபிடிக்கட்டும். அந்தப் பத்து நிமிடம் வீணல்ல.

செஞ்சியிலிருந்து வரும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுடைய எண் 604202. பாதி 302101. அதை 3, 7, 11, 13 நான்கும் வகுக்கவில்லை. 17இலிருந்து அவர்களே தொடங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்களின் எண்களை வகுத்துப் பார்த்த ஒரு வாசகர்